ஏடு காத்த பெருந்தகை சி. வை. தாமோதரம் பிள்ளை

நம் சங்கத்து நூலகப் பேழையை இவ்வாண்டு தூய்மை செய்தபோது, அடித்தட்டில் கிடந்த பழைய இலக்கண நூல்களைக் கண்ட அன்பர் ஒருவர், இவற்றை எடுப்பார் யாருமில்லையே, எடைக்குப் போட்டுவிடலாமே என்றார். அவர்மேல் குற்றமில்லை. அந்நூல்கள் அச்சாகி நம் கைக்கு வந்த வரலாற்றை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் அடியேனும் அண்மைக்காலம்வரை அதனை அறியாதவனே. அறிந்த சிறிதளவை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சிறுப்பிட்டி என்னும் சிற்றூரில் 1832-ஆம் ஆண்டு வைரவநாதர் என்பாருக்கு மகனாகத் தோன்றியவர் தாமோதரம் பிள்ளை. இளமையில் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பின்னர் வட்டுக்கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். இருபத்திரண்டாம் வயதிலேயே, 1854-இல், நீதிநெறி விளக்கத்தை அச்சிட்டு வெளிப்படுத்தினார். பின்னாளில் வாழ்நாள் தொண்டாக வளர்ந்த பணியின் முளை அதுவே.

பெர்சிவல் பாதிரியார் நடத்திவந்த தினவர்த்தமானி என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்கக் கடல் கடந்து சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றவர் இருவர். ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் வட்டுக்கோட்டையில் அவருக்கு ஆசிரியராயிருந்த விசுவநாத பிள்ளை. ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வில் ஒருங்கே தேறிய அந்நிகழ்ச்சி எண்ணுந்தோறும் இன்பம் பயப்பதாகும்.

பின்னர்க் கள்ளிக்கோட்டையில் ஆசிரியராயிருந்தார். அதன்பின் சென்னை அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் அமர்ந்து உயர்ந்த நிலை எய்தினார். அலுவலில் இருந்துகொண்டே சட்டம் பயின்று பி.எல். பட்டமும் பெற்றார். பிறந்த ஊரைவிட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூர் சேர்ந்து, பகலெல்லாம் பேரேட்டின்முன் குனிந்திருக்கும் நம் போன்றோர்க்கு இப்பெரியார் ஏதோ உறவினர்போலத் தோன்றுகின்றார். பகற்பொழுதை எண்களுக்குக் கொடுத்தவர் எஞ்சிய பொழுதை ஏடுகளுக்குக் கொடுத்தார்.

பழைய நூலைப் பதிப்பித்தல் என்பது ஓலையைப் பார்த்து அப்படியே அச்சுக்குக் கொடுப்பதன்று. மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் கிடக்கும் பிரதிகளைத் தேடிப் பெறவேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாத ஓலை அது. ஏகார எகர வேறுபாடும் விளங்காது. மூலம் எது, உரை எது, மேற்கோள் எது என்பதும் எளிதிற் புலப்படாது. ஒரு பிரதியோடு மற்றொன்றை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்து தெளியவேண்டும். பிறகு தாளுக்குப் பணம், அச்சுக்கூலிக்குப் பணம், பிழை திருத்தக் கண்ணும் பொறுமையும் வேண்டும். இத்தனையும் செய்து வெளியிட்டால், விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே.

அக்காலத்து ஏடுகளின் நிலையைப் பிள்ளையவர்கள் தம் பதிப்புரை ஒன்றில் நெஞ்சு உருக எழுதியுள்ளார். தொட்டால் ஓரம் உதிரும். கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடியும். புரட்டினால் துண்டு துண்டாகும். இன்னும் சில ஆண்டுகள் வாளாவிருந்தால் பல நூல்கள் பெயரளவில் எஞ்சிவிடும் என்பதைக் கண்ணாரக் கண்டவர் அவர்.

ஆறுமுக நாவலர் பரிசோதித்துதவிய தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை 1868-இல் அச்சேற்றினார். நாவலர் 1879-இல் மறைந்தபின் அப்பெருஞ்சுமை இவர்மேல் வந்தது. 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் களவியலும் தணிகைப் புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் என ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் முழுமையாக அச்சுவாகனம் ஏறியது இவர் பதிப்பித்த கலித்தொகையே. பழுத்த சைவராகிய இவர், பௌத்தராகிய புத்தமித்திரனார் செய்த வீரசோழியத்தையும் சமணராகிய தோலாமொழித்தேவர் பாடிய சூளாமணியையும் அதே பரிவோடு காத்தளித்தார். தமிழ் என்ற அளவில் எல்லாம் தம் வீட்டுச் செல்வமென்றே கருதினார்.

1882-இல் அரசாங்க அலுவலிலிருந்து ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் வழக்கறிஞராக அமர்ந்தார். அக்கல்லூரியில் அப்போது தமிழாசிரியராயிருந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். சீவகசிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிய பிள்ளையவர்கள், ஐயரவர்களிடம் அவர் ஆராய்ந்து வைத்திருந்தவற்றைக் கேட்டார். இளைஞராகிய ஐயரோ தாமே வெளியிடும் உறுதி பூண்டிருந்தமையால் இசையவில்லை. சிந்தாமணி ஐயர் பதிப்பாகவும் கலித்தொகை பிள்ளையவர்கள் பதிப்பாகவும் அதே 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இருவர் ஆர்வமும் ஒரு நூலின்மேற் சென்றது உண்மை. அவ்வார்வத்தால் ஊதியம் அடைந்தவள் தமிழன்னையே.

பின்னர்ப் புதுக்கோட்டை மன்றத்தில் நீதிபதியாக விளங்கினார். 1895-இல் அரசாங்கம் ராவ் பகதூர்ப் பட்டம் வழங்கியது. 1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் பதிப்புக்களில் குறையே இல்லையென்று சொல்வது புகழ்ச்சியாகுமேயன்றி உண்மையாகாது. பின்வந்த அறிஞர் மேலும் பல பிரதிகளைக் கண்டு திருத்தங்கள் செய்தனர். ஆயினும் திருத்துவதற்கு ஒரு நூல் முன்னே அச்சில் இருக்கவேண்டுமன்றோ? காடு வெட்டி முதல் வழி போட்டவன் காலில்தான் முள் தைக்கும். பின்வருவோர் அவ்வழியே வண்டியோட்டிச் செல்வர்.

அன்பர்களே! நம் குடியிருப்பிலே வளரும் குழந்தைகள் பள்ளியில் வேறு மொழிகளைக் கற்கின்றனர். அது காலத்தின் தேவை, குறைகூறுவதற்கில்லை. ஆனால் வீட்டிலும் தமிழ் எழுத்தைக் காணாது வளர்வார்களாயின், அச்சேறிய நூலும் அவர்களுக்கு அவிழ்க்கப்படாத ஏட்டுக்கட்டாகவே இருந்துவிடும். அன்று ஏட்டைத் தின்றது செல். இன்று நூலைத் தின்பது நம் மறதி.

அடித்தட்டு நூல்கள் எடைக்குப் போகவில்லை. புதிய அட்டை கட்டி மேல்தட்டில் வைத்துள்ளோம். ஞாயிறுதோறும் மாலையில் பேழை திறந்திருக்கும். குழந்தைகளைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். முதலில் அவர்கள் படங்களைப் பார்க்கட்டும். பின்னர் எழுத்தைக் கூட்டட்டும். அவர்களுள் ஒருவர் என்றேனும் கலித்தொகையைத் தாமே விரித்துப் படிப்பாராயின், அதுவே பிள்ளையவர்களுக்கு இச்சங்கம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.