சமஷ்டிக்குள் தன் பங்கைக் காத்தவர்: டுபாயின் ஷேக் ராஷித்

1958ஆம் ஆண்டு ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. சமஷ்டி என்றாலே பிரிவினைதான் என்று நம் நாட்டில் கூக்குரல் எழுந்த காலம் அது. அதே ஆண்டில்தான் வளைகுடாவின் சிறு துறைமுக நகரொன்றின் ஆட்சியாளரானார் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம்.

1912இல் பிறந்த ராஷித், டுபாயை வாழவைத்த முத்துக்குளிப்பு நலிந்து மக்கள் பட்டினி கிடந்ததை இளவயதில் கண்டவர். கப்பல் வராவிட்டால் தன் ஊர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். குவைத்திடம் கடன் வாங்கி, மணல் மூடிய டுபாய் கழிமுகத்தை ஆழப்படுத்தினார். 1966இல் எண்ணெய் கிடைத்தது. ஆனால் அபுதாபியின் எண்ணெயோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

1968 ஜனவரியில் பிரித்தானியா வெளியேறப் போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ராஷித்தும் அபுதாபியின் ஷேக் ஸாயித்தும் பாலைவனத்தில் சந்தித்து ஒன்றிணைய உடன்பட்டனர். பஹ்ரைனும் கட்டாரும் பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டு, பின் தனிவழி போயின. 1971 டிசெம்பர் 2இல் ஆறு அரசுகளுடன் ஐக்கிய அரபு இராச்சியம் பிறந்தது. ராஸ் அல் கைமா 1972 பெப்ரவரியில் சேர்ந்தது.

ஸாயித் ஜனாதிபதி, ராஷித் உபஜனாதிபதி. ஆனால் ராஷித் வெறும் பதவியோடு திருப்திப்படவில்லை. இயற்கை வளம் அந்தந்த அரசுக்கே சொந்தம் என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. உச்ச சபையின் முக்கிய தீர்மானங்களுக்கு ஏழில் ஐந்து வாக்குகள் வேண்டும். அந்த ஐந்தில் அபுதாபியும் டுபாயும் இருந்தே ஆகவேண்டும்.

சிக்கல் 1979இல் முற்றியது. எண்ணெய் வருமானத்தைப் பொதுவாக்கு, படைகளை ஒன்றாக்கு என்ற கோரிக்கைகள் எழுந்தன. மத்திய அரசின் செலவில் பெரும்பகுதியை அபுதாபியே சுமந்ததால் அக்கோரிக்கையில் நியாயமும் இருந்தது. ராஷித் மறுத்தார், உச்ச சபைக் கூட்டத்தையும் புறக்கணித்தார். சுங்கவரிக்காக 1832இல் தென் கரோலினா அமெரிக்க மத்திய அரசுடன் மோதியதுபோல, இங்கும் பணமும் அதிகாரமும் ஒன்றாகவே பிணக்கில் நின்றன. குவைத் நடுவில் வந்து பேசியது. முடிவில் ராஷித்தே பிரதமரானார். அபுதாபியும் டுபாயும் எண்ணெய் வருமானத்தில் பாதியை மத்திக்குத் தர இணங்கின. அதே ஆண்டு அவர் கட்டிய ஜெபல் அலி துறைமுகமும் திறக்கப்பட்டது.

1990 ஒக்டோபரில் ராஷித் மறைந்தார். 1996இல் அரசியலமைப்பு நிரந்தரமாக்கப்பட்டபோதும் வளங்கள் பற்றிய அந்தப் பிரிவு மாறவில்லை.

இது மன்னர்களுக்கிடையே நடந்த பேரம் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. மக்களின் வாக்கு இதில் இல்லை. அங்கே வெயிலில் உழைத்த நம்மவர் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளரை யாரும் கேட்கவுமில்லை. இருந்தாலும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. டுபாயின் உரிமை பெரியவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை, அரசியலமைப்பிலேயே இருந்தது. நம் தலைவர்கள் பெற்ற ஒப்பந்தத்துக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. இனி எந்தத் தீர்வு மேசைக்கு வந்தாலும், அதை ஒருவர் மட்டும் கிழித்துப்போட முடியுமா என்பதையே நாம் முதலில் கேட்கவேண்டும்.