வச்சிரபோதி ஆசாரியர்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காணச் செல்வோர், இறைவனுக்குரிய இரு விமானங்களையும் அவற்றிடையே பள்ளிகொண்ட பெருமாளையும் கண்டு, அலையோசையைச் சிறிது பொழுது கேட்டிருந்து மீள்வர். அக்கோயிலை எடுப்பித்தவன் இராசசிங்கன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அவன் கற்றளியே. அங்குள்ள சாசனம் அவனைச் சைவ சித்தாந்த நெறியால் மலமனைத்தும் கழியப்பெற்றவன் என்று போற்றுகின்றது. கல்வெட்டுக்களில் நமது நெறியின் பெயர் காணப்பெறும் மிகப் பழைய இடங்களுள் அஃது ஒன்றென்பது அறிஞர் பலரும் அறிந்ததே. பூசலார் நாயனார் வரலாற்றில் வரும் காடவர்கோமானும் இவனே என்ப.

இத்துணைச் சிவநேயமுடைய மன்னன், தன் நாட்டில் மூன்றாண்டு மழை பொய்த்தபோது, தூதரை விடுத்து வரவேற்றது ஒரு பௌத்தத் துறவியை. அவர்தம் பெயர் வச்சிரபோதி. அவர் வரலாறு தமிழில் எழுதப்பட்டிலது. சீனத்தார் எழுதி வைத்தனர். மாமல்லபுரத்தின் காலத்தை நன்கறிய விரும்புவோர்க்கும், போதி எய்துதல் பற்றிப் பௌத்தருள் ஒரு சாரார் கொண்ட கருத்தைத் தெளிய விரும்புவோர்க்கும் அது பயன்படுமாகலின் ஈண்டு எழுதத் துணிந்தாம்.

யாம் இளமையிற் சித்தியார் பரபக்கம் பாடங்கேட்ட நாளில், சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் நால்வரையும் மறுக்கும் முறையை வரிவரியாக ஓதினோம். பௌத்தம் அனைத்தும் அந்நான்கனுள் அடங்கிற்றென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மந்திரமும் முத்திரையும் மண்டலமும் அபிடேகமும் கொண்டு போதி எய்துவிக்கும் ஒரு பிரிவு பல்லவர் நாட்டிலேயே உலாவிற்று என்பதனைத் தலை நரைத்த பின்னரே அறிந்தோம். பிறர் மதத்தை உள்ளவாறு அறிந்து மறுத்தலே மறுப்பாம் என்று எமக்குக் கற்பித்த ஆசிரியர் இன்றிருப்பின் இக்குறையை முதலில் எடுத்துக்காட்டி நகைப்பர்.

வச்சிரபோதியார் பிறந்தது 671ஆம் ஆண்டு. பிறப்பிடம் பற்றிச் சீன நூல்கள் இருவேறு கூறும். ஒன்று, அவர் தென்னாட்டு மலய தேசத்து அந்தணர் மகனார் என்றும், தந்தையார் காஞ்சி வேந்தனுக்கு ஆசிரியர் என்றும் கூறும். மற்றொன்று, அவர் நடுநாட்டு மன்னன் ஒருவன் மூன்றாம் புதல்வர் என்றும், பல்லவன் சேனைத்தலைவன் வாயிலாகச் சீனத்துக்கு அறிமுகமாயினமையின் தென்னாட்டார் எனப்பட்டார் என்றும் கூறும். தமிழர் என்ற முறையில் முன்னதனைக் கொள்ளவே எம் மனம் விழைகின்றது. ஆயினும் விழைவு பிரமாணமாகாது. மலய தேசத்தை அடுத்து அவலோகிதருடைய போதலகம் உளது என்பர் சீனர். அப்போதலகம் நமது பொதியிலே என்பாரும் உளர். வீரசோழியம் செய்த புத்தமித்திரர் அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்றமை அறிஞர் நினைவிலிருக்கும். சிவபெருமானே அகத்தியர்க்குத் தமிழறிவுறுத்தார் என்னும் நாம் அதற்கு உடன்படோம். ஆனால் பொதியில் அவர்க்கும் திருமலையாயிருந்தது என்பது மட்டும் தெளிவு.

இளமையிலேயே துறவு பூண்டு நாலந்தையிற் சத்தசாத்திரம் கற்றார். மேற்றிசை சென்று நான்காண்டு தருமகீர்த்தியின் அளவை நூல்களைப் பயின்றார். இருபதாம் வயதில் முழுத்துறவு பெற்று, விநயமும் மாத்தியமிக நூல்களும் ஆறாண்டு கேட்டார். பின்னர்க் கபிலவாத்துவில் யோகாசாரம். இவ்வளவும் கற்றும் அவர் உள்ளம் அமைந்திலது போலும். முப்பத்தொரு வயதில் தென்னாடு போந்து, நாகபோதி என்னும் முதுபெருங் குரவரை அடைந்து, ஏழாண்டு அவரடியில் இருந்து வச்சிரசேகர நெறியில் அபிடேகம் பெற்றார். அதுகாறும் கற்றவை யாவும் நூலறிவு. இஃது அனுபவத்துக்குரிய வாயில். இவ்வேறுபாடு நமது மடாலயங்களில் வாழ்வார்க்கு விரித்துரைக்க வேண்டுவதன்று.

பல்லவன் அழைத்தது இதன் பின்னரே. அரண்மனையில் அபிடேக மண்டபம் சமைத்து ஆசாரியர் மழை வேண்ட, மழை பெய்தது. மன்னன் அவர்க்கு ஒரு விகாரம் எடுத்துக் கொடுத்தான். சைவ மன்னன் புறச்சமயத்தாரை நாடலாமோ என்று வினவுவாருக்கு எமது விடை இது: குடிகள் பசித்திருக்கும்போது அரசன் ஒரு கதவை மட்டும் தட்டியிருத்தல் முறையன்று. அவன் அதனாற் சித்தாந்தத்தினின்று வழுவினான் என்பதற்குக் கைலாசநாதர் கோயிற் கற்கள் இடங்கொடா.

அங்கிருந்து ஆசாரியர் ஈழஞ் சென்று, அபயகிரி விகாரத்தில் ஆறு திங்கள் தங்கிப் புத்தர்தம் தந்ததாதுவை வழிபட்டு, பாதச்சுவடுடைய மலையையும் ஏறிக் கண்டு மீண்டார். மீண்டவர் சீனஞ் செல்லும் தமது கருத்தைப் பல்லவனுக்கு உரைத்தார். அவன் முதலில் தடுத்துப் பின் இசைந்து, ஒரு சேனைத்தலைவனைத் துணைகூட்டி, பிரஞ்ஞாபாரமிதை நூற்சுவடியையும் மணிகளையும் சீனப் பேரரசனுக்குக் காணிக்கையாக அனுப்பினான். பல்லவர் கடல்வழியெல்லாம் அக்காலத்து மாமல்லபுரக் கரையை நோக்கியே கிடந்தன. கலங்காணும் மாலுமிக்கு அடையாளமாகக் கரைக்கோயிலின் விமானம் நின்ற காலமும் ஏறக்குறைய அதுவே.

ஈழத்திற் பாரசீக வணிகரின் 35 மரக்கலங்கள் உடன்சேர்ந்தன. ஒரு திங்களில் ஸ்ரீவிசயம் அடைந்து ஐந்து திங்கள் தங்கினர். சீனக் கரை அணுகுங்கால் பெருங்காற்று வீசி ஏனைக் கலங்கள் சிதறின. ஆசாரியர் கலம் ஒன்றே தப்பிற்று. அவர்தம் மாணவர் வழிவழிக் கூறிவருவது மற்றொன்றுண்டு. வச்சிரசேகரத்தின் விரிநூல் மஞ்சம்போல் அகன்று தடித்த பெருஞ்சுவடியாம். புயலிற் கலம் பாரந்தாங்காதாக, மாலுமி கைப்பட்டவற்றையெல்லாம் கடலில் எறிந்தபோது அதுவும் போயிற்றாம், எஞ்சியது சுருக்கமே. ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கும் ஆற்றுப்பெருக்குக்கும் இழந்த நமக்கு இச்செய்தி கதையாகத் தோன்றவில்லை.

719ஆம் ஆண்டில் அவர் குவாங்சோத் துறையில் இறங்கினார். மறு ஆண்டில் பல்லவன் தூதரும் சீன அரசவையில் இருந்தனர் என்று அந்நாட்டு ஆவணம் குறிக்கின்றது. அராபியரையும் திபெத்தியரையும் பொருதற்கு யானைப்படையும் குதிரைப்படையும் தருவதாகவும், அப்படைக்கொரு பெயர் வேண்டுமெனவும், சீன வேந்தன் பொருட்டு எடுத்த கோயிலுக்கும் பெயர் அருளுக எனவும் இராசசிங்கன் வேண்டினான். இரண்டு பெயர்களும் வழங்கப்பட்டன.

சுவான்சோங் என்னும் அப்பேரரசன் தாவோ நெறியில் ஈடுபாடுடையவன். ஆசாரியரை உடனே நம்பினானல்லன். அவன் இருபத்தைந்தாம் மகள் நோயுற்றுப் பேச்சற்றுக் கிடந்தாள். ஆசாரியர் ஏழு வயதுச் சிறுமியர் இருவரைக் கிடத்தி மந்திரித்து, அவர் வாயிலாக யமனுக்குச் செய்தி போக்கினாராம். அவள் எழுந்தமர்ந்து தந்தையொடு பேசினாள். விதித்த நாளை மாற்றவொண்ணாது, தந்தையைக் காணவே விடப்பட்டேன் என்னும் கருத்துப்பட மொழிந்து அரைநாளில் மீண்டும் உயிர் நீத்தாள். திருமயிலையில் என்பைப் பூம்பாவையாக்கிய ஆளுடைய பிள்ளையார் செயலோடு இதனை வைத்து நோக்குமிடத்து, ஆசாரியரின் எல்லை விளங்கும். அவரைப் போற்றிய சீனரே அவ்வெல்லையை மறையாது எழுதிவைத்தமை பாராட்டற்பாலது.

723இல் வச்சிரசேகரத்தின் சுருக்கத்தைச் சீன மொழியிற் பெயர்த்தார். வானநூல் வல்ல யீ-சிங் என்னும் துறவி அவரிடம் அபிடேகம் பெற்றார். அந்நூல் வழக்கில் போதி எய்தும் முறை ஐந்து படியினது. சித்தார்த்தர் அசைவற்ற சமாதியில் இருக்கின்றார். அந்நிலையே முடிந்த நிலை அன்று என்று எல்லாப் புத்தரும் தோன்றி அவரைத் தட்டி எழுப்புகின்றனர். எழுப்பப்பட்டவர் முதலில் தம் சித்தத்தை ஆராய்ந்து அது நிலா வட்டம்போல் மாசற்றதென மங்கலாகக் காண்கின்றார். அடுத்துப் போதிச் சித்தத்தை எழுப்ப, அந்நிலா முழுமையாக விளங்குகின்றது. அதன்மேல் வச்சிரம் தோன்றுகின்றது. பின்னர் எல்லாப் புத்தருடைய வச்சிரத் தன்மையும் அவருள் புக, அவர் உடம்பே வச்சிரமாகின்றது. இறுதியில் தம்மையே புத்தராகக் காண்கின்றார். பல்லூழி பிறந்து பாரமிதைகளை நிறைத்த பின்னரே போதி எய்தலாகும் என்னும் பழங்கொள்கைக்கு மாறாக, குருவருளால் இவ்வுடம்பிலேயே எய்தலாம் என்பது இப்பிரிவினர் துணிபு.

இவ்விடத்தே எமது கருத்தொன்று. போதி மரத்தடியில் ஒருவர் தம் முயற்சியொன்றானே தெளிந்தார் என்பதே பௌத்தத்தின் தலையாய வரலாறு. ஆயின் அவர்தம் நூலே, சமாதியில் அமர்ந்தவர் பிறர் வந்து உணர்த்தியன்றி உணர்ந்திலர் என்கின்றது. அறிவித்தால் அறியும் இயல்பினது உயிர் என்னும் நமது துணிபையும், வேடரிடை வளர்ந்த அரசகுமரனுக்குத் தந்தை வந்து உணர்த்தும் சிவஞானபோத உவமையையும் இதனோடு ஒப்புநோக்குக. இஃது அவர் நம்மை உடன்பட்டதாகாது. எழுப்ப வந்த புத்தர் எழுப்பப்பட்டவரின் வேறான தலைவர் அல்லர். இருவர்க்கும் இயல்பு சூனியமே என்று அவர் விடை கூறுவர். அங்ஙனமாயின் உறங்கியது எது, எழுப்பியது எது என்னும் வினா எஞ்சும். பரபக்கத்தில் அதற்கொரு தனி அதிகாரம் இருந்திருப்பின் எத்துணை நன்றாயிருக்கும் என்று பன்முறை எண்ணியதுண்டு. பாவனையின் வலிமை பற்றியோ நமக்கு ஐயமில்லை. இராசசிங்கன் கல்லாற் கோயில் எடுக்க, திருநின்றவூரில் மனத்தாற் கோயில் எடுத்த பூசலார்க்கே இறைவன் முதலில் எழுந்தருளினான். அதே வேந்தன் அவையில் மனத்தில் நிலாவும் வச்சிரமும் எழுப்பும் ஒருவரும் இருந்தார் என்பது வியத்தற்குரியது. பூசலார் எழுப்பியது கோயில். அதனுள் வீற்றிருக்க ஒருவன் வந்தான். மற்றவர் எழுப்பியது தாமே.

741இல், இருபதாண்டுக்கு மேற் சீனத்தில் வாழ்ந்த ஆசாரியர், தாய்நாடு திரும்ப அரசன் விடை பெற்றார். லோயாங் நகரளவே வந்தார். அங்கே நோயுற்று மறைந்தார். ஆண்டு எழுபத்தொன்று. லோங்மென் குன்றின் பக்கலில் அவர்க்குத் தூபி எழுப்பினர். அவரை அனுப்பிய பல்லவன் அதற்குப் பல்லாண்டு முன்னரே சிவபதம் அடைந்துவிட்டான்.

தலைமாணாக்கர் அமோகவச்சிரர் அவ்வாண்டிலேயே ஈழத்துக்குக் கலமேறினார். கடலில் வீழ்ந்த நூலின் வேறு படிகளையும் பிற தந்திர நூல்களையும் தேடித் திரட்டி 746இல் சீனம் மீண்டு, 774இல் மறையும்வரை மொழிபெயர்ப்பிலேயே ஆழ்ந்தார். அவர் மாணவர் ஹுய்குவோவிடம் சப்பானியர் கூக்காய் அபிடேகம் பெற்று 806இல் தம் நாடு சென்று, சிங்கோன் நெறியை நிறுவினார். அவர் உடன்கொண்டு சென்ற ஆசாரியர் ஐவர் உருவப்படங்கள் கியோத்தோ நகரத்துத் தோ-ஜி கோயிலில் உள்ளன. அவற்றுள் ஒன்று, காஞ்சி வேந்தனுக்கு மழை வருவித்த வச்சிரபோதியாருடையது.