மங்கிய வானில் மறைந்தவர்

நமது புதுவை மாநிலத்தைச் சேர்ந்த ஏனாமிலே, கோதாவரிக் கரையிலே நின்றால் எதிர்க்கரையில் தெரிவது எதுர்லங்கா என்னும் சிற்றூர். இரண்டையும் இணைக்கும் பாலத்தின் பெயர் பாலயோகி பாலம். யார் அந்தப் பாலயோகி?

1951 அக்டோபர் முதல் நாள் அதே எதுர்லங்காவில், தாழ்த்தப்பட்ட இனத்து உழவர் வீட்டிலே பிறந்தவர் ஜி. எம். சி. பாலயோகி. சட்டம் பயின்றார், காக்கிநாடாவிலே வழக்கறிஞரானார், 1991-இல் அமலாபுரம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். ஊர்த்தெருவிலே நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட இனத்தின் பிள்ளை, 1998 மார்ச் 24 அன்று மக்களவைச் சபாநாயகராக அமர்ந்தார். அந்த இனத்திலிருந்து அங்கே அமர்ந்த முதல்வர் அவர்தான்.

அவர் தெலுங்கு தேசக் கட்சிக்காரர். கட்சி வேறு என்பதற்காகக் கண்ணியத்தைப் பாராட்டாதிருப்போமா? 1999 ஏப்ரல் 17, வாஜ்பாய் அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ஒரிசா முதலமைச்சராகிவிட்ட கமாங், எம்.பி. பதவியை விடாமல் வாக்களிக்க வந்தார். வாக்களிப்பதா வேண்டாமா என்பதை அவருடைய மனச்சான்றுக்கே விட்டார் பாலயோகி. ஒரே வாக்கிலே அரசு வீழ்ந்தது. வீழ்ந்ததோ, தம் கட்சி தாங்கி நின்ற அரசு!

அத்தகையவரை இழந்தது எப்படி? 2002 மார்ச் 3 காலை, பீமவரத்திலிருந்து சிறிய பெல் ஹெலிகாப்டரிலே கிளம்பினார். பார்வைக்கு எட்டாதபடி வானம் மங்கியது. இறங்கிவிடலாமென விமானி கருதினார். தரையென்று தெரிந்தது மீன் குளம். கடைசி நொடியிலே உணர்ந்து மேலெழ முயன்றபோது மோதி விழுந்தது என்று செய்திகள் கூறின. கைகலூர் அருகே மூவர் மாண்டனர்.

கண்ணை நம்பிப் பறப்பவனுக்குக் கண் மறைந்தால் உடலும் பொய் சொல்லும். சாய்ந்து சுழலும்போதே நேராகப் போவதாகத் தோன்றும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், கருவி பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வெளியே பார்க்கவிடாமல் பறக்கவிட்டுச் சோதித்தனர். இருபதின்மருமே கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரி 178 வினாடிகள்! ஒரு பீடி புகைக்கும் நேரம்கூட இல்லை.

மேகம் திரளும்போது திரும்புவதற்குத்தான் துணிவு வேண்டும். ஆனால் கீழே நாம் என்ன செய்கிறோம்? மாலையோடு நிற்கிறோம், தலைவர் எங்கே, ஏன் தாமதம் என்று பத்துத் தடவை தொலைபேசியில் குடைகிறோம். திரும்பலாம் என்று நினைக்கும் விமானியின் காதிலும் அது விழாதா? கூட்டம் நாளையும் நடத்தலாம், தோழர்களே!

ஏழாண்டு கழித்து, 2009 செப்டம்பர் 2. ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி சித்தூர் மாவட்டத்துக்கு ஹெலிகாப்டரில் கிளம்பினார். வழியிலே மழை மேகம். நல்லமலைக் காட்டிலே ஐவரின் உடல்களை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள்.