அச்சணந்தி அடிகளும் கரிசல் நாட்டு எளிய வாழ்வும்

பாண்டிய நாட்டில் அரச ஆதரவை இழந்து தளர்ந்திருந்த சமணத்திற்குக் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் புத்துயிர் ஊட்டிய சான்றோருள் முதன்மையானவர் அச்சணந்தி அடிகள். அவர்தம் அன்னையார் குணமதியார் என்பதும், அவ்வம்மையார் திருமேனி ஒன்றைச் செய்வித்தார் என்பதும் மதுரையை அடுத்த சமணர்மலைப் பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டால் புலனாகின்றன.

ஆனைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், கருங்காலக்குடி, உத்தமபாளையம் ஆகிய இடங்களின் பாறைகளில் அடிகளின் பெயர் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. தெற்கே ஏர்வாடியிலும், திருச்சாரணத்து மலை எனப்பட்ட சிதறாலிலும் அப்பெயர் காணப்படுகிறது. இத்தனை தொலைவும் நடந்தே கடந்த திகம்பர முனிவர்க்கு மயிற்பீலியும் குண்டிகையுமே உடைமை. நாளுக்கு ஒருமுறை, நின்றவாறே, கையே கலமாக ஏற்பது அவர்தம் உணவு.

தமக்கென ஒரு காசும் வைத்திராத துறவியர் காலத்தில் இத்தனை திருவுருவங்கள் எழுந்தது எவ்வாறு? இவ்வினாவிற்குக் கரிசல் நாட்டுக் கழுகுமலை விடை தருகிறது.

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அம்மலை. அடிகள் பெயர் நிற்கும் திருச்சாரணத்தைச் சேர்ந்த குரத்தியரும் இங்குத் திருமேனி செய்வித்துள்ளனர். ஒரே பாறைச் சரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட திருவுருவங்கள். பலவற்றின் கீழே செய்வித்தோரின் பெயரும் ஊரும் உள்ளன. அவர்களுள் தச்சரும் கொல்லரும் மட்கலம் வனைவோரும் உண்டு. அரசர் தந்த பெருநிதியால் மட்டும் எழுந்ததன்று அத்திருமலை. உழைத்து உண்டோர் தம் தேவையைச் சுருக்கி ஈந்த சிறுபொருளும் அதில் கலந்துள்ளது.

கரிசல், வானம் பார்த்த பூமி. ஒரு பருவ மழையை நம்பி விதைப்போர் விதைத் தானியத்தை முதலில் ஒதுக்கிவிட்டு எஞ்சியதை அளந்தே உண்பர். ஆயினும் பற்றாக்குறை மட்டும் மனநிறைவைத் தாராது. இல்லாமை வேறு, இல்லறத்தார்க்குரிய பொருள் வரைதல் என்னும் அணுவிரதம் வேறு. முன்னது காலத்தின் கட்டாயம். பின்னது தானே விரும்பி இட்டுக்கொள்ளும் எல்லை. அனைவராலும் வணங்கப்படுவோர் எதுவும் இல்லாதவராக விளங்கிய சமுதாயத்தில், சிறிதளவே உடையவர்க்கு நாணம் நேரவில்லை. எல்லைக்கு மேல் வந்த பொருளுக்கு உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானமே வழியாயிற்று. கொல்லர் ஒருவரும் திருமேனி செய்வித்துத் தம் பெயரை அங்கே காண முடிந்தது. எளிய வாழ்வை மக்கள் மனமுவந்து ஏற்றமைக்கு இதுவே காரணம்.

இன்று நம் இல்லங்களில் திருமணமும் புதுமனை புகுவிழாவும் பிறர் செய்ததைப் பார்த்து ஆண்டுதோறும் பெருகுகின்றன. கடன் வாங்கியும் அவற்றை நடத்துகின்றனர். அடிகளைப் போல் அனைத்தையும் துறத்தல் இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டதன்று. இவ்வாண்டுச் செலவுக்கு ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதில் ஏழை மாணவர் ஒருவரின் கல்விக்கு உதவுதல் எவர்க்கும் இயலும். திருமேனி செய்வித்த அக்கரிசல் நாட்டுக் கொல்லரும் தச்சரும் மேற்கொண்ட நெறி அதுவே.