மருமகன் கேட்ட கணக்கு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காக்கை அப்படி நினைப்பதில் தவறில்லை. அது குஞ்சைக் காக்க வேண்டிய தாய். ஆனால் அரசியல் கட்சியொன்று தன் சட்டமன்ற உறுப்பினரையும் தன் அமைச்சரையும் அவ்வாறே கருதத் தொடங்கினால் என்ன ஆகும்? எதிர்க்கட்சிக்காரர் மீது குற்றச்சாட்டு எழுந்தால், அன்று மாலையே பதவி விலக வேண்டும் என்று மேடை போட்டு முழங்குகிறோம். அதே குற்றச்சாட்டு நம் பக்கத்தில் இருப்பவர் மீது எழுந்தால், வழக்கு முடியட்டும், தீர்ப்பு வரட்டும், மேல் முறையீடும் தீரட்டும் என்று சட்டப் புத்தகத்தைத் தேடி எடுக்கிறோம். ஒரே தராசுக்கு இரண்டு படிக்கற்கள்! இந்த வழக்கம் எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் உரியதன்று. அதனால்தான், சொந்தக் கட்சியின் ஆட்சியை நிறுத்தி வைத்துக் கணக்குக் கேட்ட ஒருவரின் வரலாற்றை இன்று நினைவுபடுத்த விரும்புகிறோம்.

அவர் பெரோஸ் காந்தி. பெயரைக் கேட்டதும் இந்திராவின் கணவர், நேருவின் மருமகன், ராஜீவின் தந்தை என்றுதான் பலருக்கு நினைவு வரும். காந்தியடிகளுக்கு உறவினர் என்று எண்ணுவோரும் உண்டு; அது தவறு. அவர் 1912 செப்டம்பர் 12ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். அலகாபாத்தில் மருத்துவராக இருந்த உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1930ல் அவர் கல்லூரி மாணவர். கல்லூரி வாயிலில் மறியல் செய்ய வந்த பெண்களுக்குத் தலைமை தாங்கி நின்றவர் ஜவாஹர்லாலின் மனைவி கமலா. வெயிலின் கொடுமையால் அந்த அம்மையார் மயங்கி விழுந்தபோது ஓடிச் சென்று உதவியவர்களில் பெரோசும் ஒருவர். அன்றோடு படிப்பு நின்றது, போராட்டம் தொடங்கியது. சிறை சென்றார். சிறையில் உடனிருந்தவர்களில் லால் பகதூர் சாஸ்திரியும் ஒருவர்.

பின்னர் லண்டன் சென்று பொருளாதாரம் படித்தார். 1936ல் கமலா சுவிட்சர்லாந்தில் மறைந்தபோது அருகிலிருந்தார். 1942 மார்ச்சில் இந்திராவை மணந்தார். மணக்கோலம் கலையுமுன்பே ஆகஸ்டுப் போராட்டம் வந்தது. கணவனும் மனைவியும் சிறை புகுந்தனர். விடுதலைக்கு முந்திய ஆண்டு, லட்சுமணபுரியில் நேஷனல் ஹெரால்டு பத்திரிகையின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். 1952ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ரேபரேலிப் பகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மாமனார் நாட்டின் பிரதமர். மனைவி அந்த மாளிகையின் தலைவி. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் என்ன செய்திருக்கலாம் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பதவிகள் வீடு தேடி வந்திருக்கும். அவரோ உறுப்பினர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாதாரண வீட்டில் தங்கினார். முதல் சில ஆண்டுகள் அவையில் அதிகம் பேசவுமில்லை. பின் பெஞ்சில் அமர்ந்து ஏடுகளைப் படித்தார், கணக்குகளைப் புரட்டினார். 1955 டிசம்பரில் எழுந்து பேசியபோது நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெரும் முதலாளி ராமகிருஷ்ண டால்மியாவின் பிடியிலிருந்த பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணம், அதாவது பாலிசிதாரர்களின் பணம், எவ்வாறெல்லாம் சுரண்டப்பட்டது என்று அவர் புள்ளி புள்ளியாக எடுத்து வைத்தார். டால்மியா பின்னர் சிறை செல்ல நேர்ந்தது. 1956 ஜனவரியில் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் தன் கைக்கு எடுத்துக் கொண்டது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது.

அவையில் பேசியதைப் பத்திரிகைகள் அப்படியே வெளியிட்டால் அவற்றின் மீது அவதூறு வழக்குப் போடலாம் என்ற நிலை அன்றிருந்தது. உறுப்பினருக்குப் பாதுகாப்பு உண்டு. அவர் பேசியதை மக்களுக்குச் சொல்லும் ஏட்டுக்கு இல்லை! தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்து அந்தக் குறையை நீக்கியவரும் பெரோஸ்தான். நல்லெண்ணத்தோடு உண்மையாக வெளியிடப்படும் நாடாளுமன்றச் செய்திகளுக்கு 1956ல் சட்டம் பாதுகாப்பளித்தது.

முதலாளியைக் கேள்வி கேட்பது ஒன்று. தன் கட்சியின் அமைச்சரைக் கேள்வி கேட்பது வேறு. அந்தச் சோதனை 1957ல் வந்தது. மக்களின் பணத்தைக் காக்கவென்று அமைந்த அதே ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், அவ்வாண்டு ஜூன் மாதத்தில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் 6 கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. முந்த்ரா கடனில் தத்தளித்துக் கொண்டிருந்தவர். முதலீடுகளைப் பரிசீலிக்கவென்றே கார்ப்பரேஷனில் ஒரு கமிட்டி இருந்தது. அந்தக் கமிட்டியை முன்கூட்டிக் கேட்கவேயில்லை. ஏழை எளியவர் மாதா மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரீமியப் பணம், மூழ்கும் ஒரு வியாபாரியைத் தூக்கி நிறுத்தப் போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் 16ஆம் நாள் பெரோஸ் காந்தி அவையில் எழுந்தார். பங்குகள் என்ன விலைக்கு விற்றன, கார்ப்பரேஷன் என்ன விலை கொடுத்தது, எந்தத் தேதியில் யார் யாருக்கு எழுதினார்கள் என்று அடுக்கினார். பங்குச் சந்தை சரிந்ததால் அதைத் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்ற சமாதானத்தைக் கணக்கால் உடைத்தார். எதிரே பதில் சொல்ல வேண்டியவர் யார்? நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. நம் சென்னை மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்; அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இடம் பெற்றவர்; நேருவின் நம்பிக்கைக்கு மிகவும் உரியவர்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1951ல் தற்காலிக நாடாளுமன்றத்தில் முத்கல் என்ற காங்கிரஸ் உறுப்பினர், பம்பாய்த் தங்க வியாபாரிகள் சங்கத்திடம் பணம் பெற்றுக் கொண்டு அவர்களுக்காக அவையில் வேலை செய்தார் என்ற புகார் எழுந்தது. தன் கட்சிக்காரர் என்று நேரு மூடி மறைக்கவில்லை. அவரே தீர்மானம் கொண்டு வந்து, அவையின் விசாரணைக் கமிட்டியை அமைக்கச் செய்தார். கமிட்டி குற்றத்தை உறுதி செய்தது. வெளியேற்றப்படுமுன் முத்கல் தாமே விலகினார். ஆயினும் வெளியேற்றத் தக்கவரே அவர் என்று அவை பதிவு செய்தது. அந்த விசாரணைக் கமிட்டியின் தலைவர் யார் தெரியுமா? இதே டி. டி. கிருஷ்ணமாச்சாரிதான்! 1951ல் அளந்தவர் 1957ல் அளக்கப்பட வேண்டியவரானார்.

மருமகன் கேட்ட கேள்வியால் மாமனாருக்கு மனக்கசப்பு இல்லாமலில்லை. ஆனாலும் விசாரணையைத் தடுக்கவில்லை. பம்பாய் ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாக நியமித்தார்கள். அவர் கதவை மூடிக் கொண்டு விசாரிக்கவில்லை. பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அமைச்சரும் சாட்சி சொன்னார், அவருடைய நிதிச் செயலாளரும் சொன்னார். 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்துவிட்டது. பெரோஸ் அவையில் பேசி இரண்டு மாதங்கூட ஆகவில்லை!

கிருஷ்ணமாச்சாரி தம் கைக்குப் பணம் வாங்கினார் என்று கமிஷன் கூறவில்லை. தமக்குக் கீழுள்ள செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு. தெரியாது என்று சொல்லி ஒதுங்க முடியாது என்ற அளவிலேதான் முடிவு இருந்தது. அது போதுமானதாக இருந்தது. அதே மாதத்தில் அவர் பதவி விலகினார். எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை, தண்டிக்கும்வரை காத்திருக்கவுமில்லை. கோர்ட்டின் அளவுகோல் வேறு, பொது வாழ்வின் அளவுகோல் வேறு என்பதை அன்று நாடு கண்டது.

அந்த நாட்களைப் பொற்காலமென்று பாட நாம் வரவில்லை. அதே கிருஷ்ணமாச்சாரி 1962ல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். 1963ல் மறுபடியும் நிதியமைச்சரானார். 1965 இறுதியில், மீண்டும் புகார்கள் எழுந்த நிலையில், மறுபடியும் விலகினார். செயலாளராக இருந்த எச். எம். பட்டேல் அன்று உத்தியோகத்தைத் துறக்க நேர்ந்தது. 1977ல் அவரே நிதியமைச்சராக வந்தார். ஒரு விசாரணையால் எல்லா உண்மையும் வெளிப்பட்டுவிடும் என்பதில்லை. ஆனால் விரைந்த, திறந்த விசாரணை இருந்தால் குற்றமற்றவனுக்கும் அது கேடயம். ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்கால் பயன் பெறுகிறவன் குற்றவாளி ஒருவன்தான்.

பெரோஸ் அதோடு ஓயவில்லை. தம் பார்சி இனத்தவரான டாட்டாக்களின் கம்பெனி ரயில் எஞ்சின்களுக்கு மிகையான விலை வாங்குகிறது என்று எடுத்துச் சொன்னார். 1959ல் கேரளத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த கம்யூனிஸ்டு ஆட்சி கலைக்கப்பட்டபோது, காங்கிரசின் தலைவியாக இருந்தவர் அவருடைய மனைவி; அந்தக் கலைப்பையும் அவர் ஏற்கவில்லை. கட்சி, இனம், குடும்பம் ஆகிய மூன்று கயிறுகளும் அவரைக் கட்டிப் போட முடியவில்லை. 1960 செப்டம்பர் 8ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். 48 வயது நிறைய இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

அவர் கொண்டு வந்த பத்திரிகைப் பாதுகாப்புச் சட்டம் என்னவாயிற்று? நெருக்கடி நிலையின்போது, மனைவியின் ஆட்சியே 1976ல் அதை நீக்கியது. 1977ல் ஆட்சி மாறிய பிறகே அது திரும்ப வந்தது. கேள்வி கேட்டவனின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடுவது எளிது. கேள்வியைப் பொறுத்துக் கொள்வதுதான் அரிது.

2005 டிசம்பரில், அவையில் கேள்வி கேட்கப் பணம் பெற்றார்கள் என்று 11 உறுப்பினர்கள் இரு அவைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் ஒரு கட்சியினர் அல்லர், நான்கு கட்சியினர். ஆகவே எந்தக் கட்சியும், எங்கள் வீட்டில் அந்த நோய் வராது என்று மார்தட்ட வேண்டாம். நோய் வருவது குற்றமன்று. மருத்துவரை வாயிற்படியிலேயே தடுப்பதுதான் குற்றம்.

இது ஒரு கட்சியின் ஏடு. ஆகவே இதை எழுதும்போது நமக்கே ஒரு கடமை உண்டு. எதிரணிக்கு நாம் நீட்டும் விரலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். ஒருவர் மீது புகார் எழுந்தவுடன் அவர் குற்றவாளியாகிவிட மாட்டார், ஒப்புக் கொள்கிறோம். ஆனால் கட்சி கொடுத்த இடம் அவருடைய பாட்டன் சொத்தல்ல. அது மக்கள் நம்பி ஒப்படைத்தது. ஆதாரத்தோடு புகார் வந்தால், கட்சியே முதலில் விசாரிக்கட்டும். விசாரணை முடியும்வரை அவர் பொறுப்பிலிருந்து ஒதுங்கி நிற்கட்டும். குற்றமற்றவரென்றால் மாலையிட்டு வரவேற்போம். இந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். கேட்பவனைத் துரோகி என்று தூற்றும் பழக்கமும் ஒழியட்டும்.

முந்த்ராவைப் பற்றி எதிர்க்கட்சிக்காரர் பேசியிருந்தால் அது அரசியல் என்று தள்ளியிருப்பார்கள். ஆளுங்கட்சியின் பெஞ்சிலிருந்தே, அதுவும் பிரதமரின் மருமகனே பேசியதால்தான் தள்ள முடியவில்லை. ஒவ்வொரு கட்சிக்கும் அப்படி ஒருவர் வேண்டும். நம் கட்சியிலும் இருக்கிறாரா? இருந்தால், அவர் எழுந்து பேசும் நாளில் அவர் பக்கம் நிற்க நாம் தயாரா? இந்தக் கேள்விக்கான விடையை வாசகர்களிடம் கேட்குமுன், நம்மிடமே கேட்டுக் கொள்கிறோம்.