கல்லூரி மாறிய நரேந்திரர்

விவேகானந்த சுவாமிகளின் சரித்திரத்தைச் சிறுவயதிற் கேளாதார் இந்துக் கல்லூரிகளிற் கற்றோருள் மிகச் சிலரே. 1893ஆம் ஆண்டு சிக்காகோ நகரச் சபையில் அவர் எழுந்து பேசியதும், மேனாட்டார் வியந்ததும், தாயகம் மீளும் வழியில் நம் ஈழநாட்டிற் கால்வைத்ததும் மாணவர் நாவிலே பயின்ற செய்திகள். அவற்றை மீண்டும் விரித்துரைக்க நாம் எண்ணவில்லை. நரேந்திரநாத தத்தர் என்னும் பெயருடன் அவர் புத்தகங் கையேந்திக் கல்லூரி சென்ற நாலைந்து ஆண்டுகளைப் பற்றியே சொல்லப் புகுந்தோம். இந்து சமயத்தின் பெருமையை உலகறியச் செய்த அப்பெரியார் பீ. ஏ. பட்டத்துக்குப் படித்தது கிறித்தவ பாதிரிமார் நடாத்திய கல்லூரியிலே. சரித்திரம் எழுதுவோர் சிலர் இதனை ஒரு வரியிற் சொல்லிக் கடந்து போவர். நமக்கோ அவ்வரியிலே சற்று நிற்க விருப்பம்.

நரேந்திரர் 1863ஆம் ஆண்டு தை மாதம் 12ஆந் திகதி கல்கத்தாவிலே பிறந்தார். தந்தையார் விசுவநாத தத்தர் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர். தாயார் புவனேசுவரி தேவியார். ஈசுவரசந்திர வித்தியாசாகரர் நிறுவிய மெற்றோபொலிற்றன் பாடசாலையிற் கற்று, 1879இற் பிரவேசப் பரீட்சையில் முதலாம் பிரிவிற் சித்தியெய்தி, அரசினர் நடாத்திய பிரசிடென்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை; நாட்டின் முதன்மையான கல்லூரி. தந்தையார்க்கு வேறு கவலை இருந்திராது.

இரண்டாம் ஆண்டிலே மலேரியாக் காய்ச்சல் வந்தது. பல நாள் பாயிற் கிடந்தமையால் வகுப்புக்குச் சென்ற நாட்கள் குறைந்தன. அக்குறையினால் அக்கல்லூரியிலிருந்து எஃப். ஏ. பரீட்சைக்குத் தோற்ற இயலாது போயிற்று. ஓராண்டு வீணாகாதிருக்க வேண்டுமாயின் வேறு கல்லூரி தேட வேண்டும். ஸ்கொத்லாந்துத் திருச்சபையாரின் ஜெனரல் அசெம்பிளிக் கல்லூரி இடங் கொடுத்தது. அவர் அங்குச் சென்றது பாதிரிமாரின் சமயத்தை விரும்பியன்று. தம் சமயத்தை வெறுத்துமன்று. காய்ச்சலே காரணம். மலேரியாவை நுளம்பு பரப்புகின்றதென்று அந்நாளில் ஒருவரும் அறியார். றொனால்ட் றொஸ் என்பார் அதற்கான சான்றை இந்தியாவிற் கண்டது 1897இலே. கல்கத்தாவின் நுளம்புக்கும் இச்சரித்திரத்தில் ஓரிடமுண்டு என்று நாம் வகுப்பிற் சொல்லும்போது மாணவர் நகைப்பர்.

அக்கல்லூரியின் தொடக்கத்தையும் இங்குக் கூறல் வேண்டும். அலெக்சாந்தர் டவ் என்னும் பாதிரியார் 1830இல் அதனை நிறுவினார். ஆங்கிலக் கல்வியின் வழியே உயர்குலத்து இந்து இளைஞரைக் கிறித்தவராக்குதல் அவர் கருத்து. அதனை அவர் மறைத்தாரல்லர். இருந்தும், இடமும் மாணவரும் தேடிக் கொடுத்தவர் இராஜா ராம் மோகன ராயர். முதல் நாளில் விவிலிய நூலைக் கையில் வாங்கத் தயங்கிய பிள்ளைகளுக்கு, தாம் குர்ஆனையும் விவிலியத்தையும் முற்றப் படித்தும் முகம்மதியராகவோ கிறித்தவராகவோ ஆகிவிடவில்லை என்று எடுத்துக்காட்டி, படித்துத் தாமே ஆராய்ந்து தீர்மானிக்கும்படி ராயர் சொன்னார் என்பர். ஐம்பது ஆண்டு கழித்து அவ்வாயிலில் நுழைந்த நரேந்திரர் அச்சொல்லை அறிந்திருந்தாரோ அல்லரோ, அதன்படியே நடந்தார்.

ஆங்கு அவர் மேனாட்டுத் தத்துவ நூல்களில் ஆழ்ந்தார். ஹியூம், மில், ஹேர்பேட் ஸ்பென்சர் ஆகியோர் அவர் விரும்பிக் கற்றோர். ஸ்பென்சர் கல்வியைப் பற்றி எழுதிய நூலை வங்காளியிற் பெயர்த்தார். பிற்காலத்திற் பெருந் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய பிரஜேந்திரநாத சீலர் அங்கு உடன் கற்றவர். இந்நூல்கள் நரேந்திரருக்குக் கொடுத்தது அமைதியன்று. கடவுள் உண்டென்பதற்குச் சான்று யாது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பிரம சமாஜத்திற் சேர்ந்து பாடினார், தியானஞ் செய்தார், கேள்வி தீரவில்லை. மகரிஷி தேவேந்திரநாத தாகூரிடஞ் சென்று கடவுளைக் கண்டதுண்டோ என்று நேரிற் கேட்டார். நேரான விடை கிடைக்கவில்லை. பிள்ளைகள் பிற சமயத்தார் கல்லூரிக்குச் சென்றால் மதம் மாறிவிடுவர் என்று பெற்றோர் அஞ்சுவது வழக்கம். நரேந்திரருக்கு வந்த ஆபத்து வேறு. எந்த மதமும் இல்லாமற் போய்விடுமோ என்னும் ஆபத்து அது. இதனை நாம் சிறிதென்று கருதுவதில்லை.

அக்கல்லூரியின் அதிபர் வில்லியம் ஹேஸ்ரி. தத்துவத்தில் வல்லவர்; நரேந்திரரின் அறிவை மிக மதித்து, ஜெர்மனி நாட்டுச் சர்வகலாசாலைகளிலும் இத்தகைய மாணவனைக் கண்டதில்லை என்ற கருத்துப்படப் பேசியவர். ஒரு நாள் அவர் வேட்ஸ்வேத் என்னும் ஆங்கிலப் புலவரின் பாடலொன்றைப் பாடஞ்சொல்ல நேர்ந்தது. நாம் தமிழாசிரியர், அப்பாடலின் நயத்தைச் சொல்ல முற்படோம். இயற்கையழகில் ஈடுபட்ட உள்ளம் தன்னை மறந்து ஒடுங்கும் நிலையொன்று அதிற் கூறப்பட்டுள்ளது. மாணவர்க்கு அது விளங்கவில்லை. உள்ளந் தூய்மையுற்று ஒன்றிலே நிலைத்தவர்க்கே அந்நிலை வாய்க்கும் என்றும், அதனை அடைந்தவராகத் தாம் கண்டவர் தட்சிணேசுவரத்து இராமகிருஷ்ண பரமஹம்சர் ஒருவரே என்றும், அங்குச் சென்று பார்த்தால் விளங்கும் என்றும் ஹேஸ்ரி சொன்னார்.

பாதிரியார் காளி கோயிற் பூசகரிடம் மாணவரை அனுப்புகின்றார்! அடுத்த ஆண்டு, 1882இல், இதே ஹேஸ்ரி கல்கத்தாவின் ஸ்ரேற்ஸ்மன் பத்திரிகையில் இந்துக்களின் விக்கிரக வழிபாட்டைக் கடுமையாகத் தாக்கிக் கடிதங்கள் எழுதினார். வங்கத்தின் பெரும் நாவலாசிரியரான பங்கிம் சந்திரர் புனைபெயர் பூண்டு அவருக்கு மறுப்பெழுதினார். கடிதமெழுதிய ஹேஸ்ரியை மட்டும் அறிந்தோர் அவரைச் சமயத் துவேஷி என்பர். வகுப்பிலே நின்ற ஹேஸ்ரியை அறிந்தோர் அவ்வாறு சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மனிதர் செய்தார். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இது வியப்பன்று; கரும்பலகையின் முன் நிற்கும்போது, மாணவனுக்கு விளங்கவேண்டும் என்ற ஒன்றே சிலவேளை மற்றெல்லாவற்றையும் மறக்கச் செய்துவிடும்.

1881 கார்த்திகை மாதத்தில் சுரேந்திரநாத மித்திரர் என்னும் அயலவர் இல்லத்திற் பாடுவதற்கு நரேந்திரரை அழைத்தனர். அங்கு வந்திருந்த பரமஹம்சர் பாட்டைக் கேட்டுத் தட்சிணேசுவரத்துக்கு வரும்படி சொன்னார். நரேந்திரர் சென்றார், தாகூரிடங் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். கண்டதுண்டு என்று தயங்காது விடை வந்தது. உடனே பணிந்துவிட்டாரல்லர். ஹியூமையும் மில்லையும் கற்ற மாணவரன்றோ? குருவையே பல முறை சோதித்தார். கல்லூரிப் படிப்பையும் விட்டுவிடவில்லை, 1884இற் பீ. ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டு மாசியில் தந்தையார் காலமானார். கடன்காரர் வாயிலில் நின்றனர்; உறவினர் வழக்காடினர்; பட்டதாரி வெறுங்காலுடன் வேலை தேடி அலைந்தார். அத்துயரின் கதை தனியே எழுதத்தக்கது.

1886 ஆவணியிற் குரு மறைந்தார். அவ்வாண்டு மார்கழியில் நரேந்திரரும் உடன்சீடரும் ஆந்தபூர் என்னும் கிராமத்தில் இரவிலே தீ வளர்த்து அதனைச் சூழ்ந்திருந்தனர். நரேந்திரர் இயேசுநாதரின் துறவு வாழ்வை எடுத்துரைத்தார். அனைவரும் உலகைத் துறப்பதாகச் சங்கற்பஞ் செய்தனர். அது நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய இரவென்று பின்னரே அவர்களுக்குத் தெரியவந்தது. பரிவிராசகராய் அவர் பாரத நாடெங்கும் நடந்தபோது கையிலிருந்த நூல்கள் இரண்டு: ஒன்று பகவத்கீதை, மற்றொன்று கிறிஸ்துநாதரைப் பின்பற்றி வாழ்தலைக் கூறும் தோமஸ் கெம்பிஸ் என்பாரின் நூல். அந்நூலின் ஒரு பகுதியை 1889இல் வங்காளியிலும் பெயர்த்தார்.

இத்தகைய வரலாறு ஈழத்தவர்க்குப் புதிதன்று. நல்லைநகர் ஆறுமுக நாவலர் பேசிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர். விபுலானந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலிருந்து மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரிக்கு மாறிக் கற்றவர். பிறர் பாடசாலையையன்றி ஆங்கிலங் கற்க வழியில்லையே என்ற மனவேதனையினாலேதான் நம் முன்னோர் இந்துக் கல்லூரிகளை எழுப்பினர். அவ்வேதனை மெய்யானது, அதனைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை.

1897 தை மாதம் 15ஆந் திகதி சுவாமிகள் கொழும்பில் இறங்கினார். கண்டி, மாத்தளை, அநுராதபுரம் வழியே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தொடங்கி ஏழாண்டே ஆகியிருந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் மக்கள் திரண்டிருக்க, வேதாந்தத்தைப் பற்றி ஆங்கிலத்திற் பேசினார். அவ்வேளை ஹேஸ்ரி கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கிறித்தவ சமயப் பேராசிரியராய் இருந்தார். சுவாமிகள் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து பாம்பனுக்குச் சென்றார்.