வெற்றுக் காகிதம் வாங்கிய சுவார்ட்ஸ் ஐயர்

நெல் விளையும் தஞ்சைச் சீமையில் மக்கள் பட்டினியால் தெருவில் விழுந்து இறந்தார்கள்! 1781-ம் ஆண்டை ஒட்டி இது நடந்தது.

திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் எல்லாம் அப்போது தஞ்சை மராட்டிய ராஜாவின் ராஜ்யம். (சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தது அந்தக் காலத்தில்தான்.) மைசூர் ஐதர் அலியின் படை ஊர்களைச் சூறையாடியது. ஜனங்கள் தஞ்சைக் கோட்டைக்குள் ஓடி வந்தார்கள். கோட்டையில் நெல் இல்லை.

வெளியே நெல் இருந்தது. சுமந்து வர மாடு வேண்டும். மாடு வைத்திருந்த குடியானவர்களோ வர மறுத்தார்கள். முன்பு வேலை வாங்கியவர்கள் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். யார் வாக்கையும் அவர்கள் நம்பவில்லை.

ராஜா துளஜாஜி யோசித்தார். தம் பேச்சும் வெள்ளைக்கார அதிகாரிகள் பேச்சும் இனிச் செல்லாது என்று கண்டார். ஒரு வெற்றுக் காகிதத்தைச் சுவார்ட்ஸ் பாதிரியாருக்கு அனுப்பினார். அவர் விரும்பியபடி ஜனங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்!

கூலியைத் தம் கையாலேயே தருவதாகப் பாதிரியார் கிராமங்களுக்கு எழுதினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஐயர் எல்லோருக்கும் கூலி கொடுத்தார். மேலே சிறிது வெகுமதியும் கொடுத்து அனுப்பினார்.

யார் இவர்?

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ல் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவில் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பிறகு திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்தார். சாயம் போட்ட பருத்தி அங்கி, சோறு, காய்கறி. திருச்சியில் அவர் இருந்த அறையில் ஒரு கட்டிலுக்கும் அவருக்கும்தான் இடம்!

விளைச்சல் மிகுந்ததால் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான் ஒரு பணக்காரன். அன்று இரவே இறந்துபோனான். இது பைபிளில் உள்ள கதை. தஞ்சாவூர்க்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பொருள் கடவுளுடையது, மனிதன் வெறும் உக்கிராணக்காரன், ஒருநாள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது கிறிஸ்தவ போதனை. ஐயர் அதை அப்படியே நம்பினார்.

ஐதர் கொடுத்த பணம்

1779-ல் சென்னை கவர்னர் அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பினார். ஐதர் அவரை மரியாதையாக நடத்தி, வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அரசாங்கம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அது தஞ்சையில் அநாதைக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று.

யுத்தம் வருமுன், விலை மலிவாக இருந்தபோதே அவர் நெல் வாங்கி வைத்தார். வியாபாரிக்கு அது நல்ல லாபம் தந்திருக்கும். ஐயர் பஞ்சத்தில் அதைப் பசித்தவர்களுக்குப் போட்டார்.

1787-ல் துளஜாஜி இறக்கும் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை ஐயர் பொறுப்பில் விட்டார். ஐயர் அவனைப் படிக்க வைத்தார். அரியணைக்கு அவனுக்குள்ள உரிமைக்காகவும் வாதாடினார்.

கடைசிக் காலத்தில் ஐயர் கையில் பணம் சேர்ந்தது உண்மைதான். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அந்தப் பணத்தை மிஷன் ஊழியத்துக்கே எழுதி வைத்தார்.

1798 பிப்ரவரி 13-ம் தேதி தஞ்சையில் அவர் காலமானார். சரபோஜி அரசராக முடிசூடியது அதே ஆண்டில், சில மாதங்கள் கழித்து. பிறகு லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு, ஐயர் மரணப் படுக்கையில் கிடக்கும் காட்சியைச் சலவைக் கல்லில் செதுக்கச் செய்தார். தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள தேவாலயத்தில் அது இருக்கிறது.

அடக்கத்தன்று பெட்டியை மூடுமுன் சரபோஜி வந்தார். கண்ணீர் விட்டு அழுதார். பருத்தி அங்கியோடு வாழ்ந்தவர் மேல் பொன்னாடை போர்த்தினார்.